99 ரூபாய்க்கு வாங்கினோம், மீதி விலையைக் கொடுத்தது யார்?



பண்டிகை வந்தால் போதும். நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வகைச் செய்திகள் சுற்றத் தொடங்கிவிடும்.

ஒன்று: "சீனப் பொருளை வாங்காதே. வாங்கினால் நீ தேசத் துரோகி."

இன்னொன்று: "மலிவா கிடைச்சா ஏழைக்கு நல்லதுதானே? எவன் செஞ்சா உனக்கென்ன?"

முதல் செய்தியை அனுப்புகிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் இரண்டாவது செய்தியை நம் தோழர்களும் அனுப்புகிறார்கள். அதனால் இந்தப் பதிவு இரண்டு தரப்புக்கும்தான். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள், படித்த பிறகு சண்டை போடுங்கள்.

இதைக் கொடுங்கையூரில் இருந்து எழுதுகிறோம். காரணம் இருக்கிறது. உலகத்தின் மலிவுப் பொருளெல்லாம் கன்டெய்னரில் ஏறி, துறைமுகத்தில் இறங்கி, வடசென்னைச் சாலைகளில் புழுதி கிளப்பிக்கொண்டுதான் ஊருக்குள் போகிறது. அதே பொருள் உடைந்து, பிய்ந்து, குப்பையாகித் திரும்பவும் எங்க ஊருக்கே வருகிறது. நடுவில் கொஞ்ச காலம்தான் அது யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. போகும்போதும் பார்க்கிறோம், வரும்போதும் பார்க்கிறோம். பேசாமல் எப்படி இருப்பது?

■ வாங்குகிறவரைத் திட்டுவது யாருக்கு வசதி?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

எழில் நகரில் வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அம்மா, பிள்ளையின் பிறந்தநாளுக்கு 99 ரூபாய் பொம்மை கார் வாங்கினால், அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வேலையை இந்தக் கட்சி ஒருநாளும் செய்யாது. பர்மாவில் இருந்து விரட்டப்பட்டு வந்த தமிழர்கள் 1969இல் கடை போட்ட இடம்தான் பர்மா பஜார். அங்கே சார்ஜர் விற்கிற தம்பியையும் குற்றவாளி ஆக்க மாட்டோம்.

அந்த அம்மாவின் சம்பளம் குறைவு. அதனால் அவருக்கு மலிவுதான் கட்டுப்படியாகும். இந்த நாட்டில் கூலியை ஏற்றாமல் வைத்திருக்கிறவர்களே, குறைந்த கூலிக்காரரைப் பார்த்து "ஏன் மலிவா வாங்குற?" என்று கேட்கிறார்கள். என்னங்க நியாயம் இது?

கடைசியாக வாங்குகிறவர் தலையில் பழியைப் போட்டுவிட்டால், நடுவில் லாபம் பார்த்தவர்கள் எல்லாம் தப்பித்துவிடலாம். இறக்குமதியாளர் தப்பிக்கலாம். ஆன்லைன் கம்பெனி தப்பிக்கலாம். சுங்கத் துறையைக் கையில் வைத்திருக்கும் ஒன்றிய அரசும் தப்பிக்கலாம்.

சரி, அதற்காக "எவன் செஞ்சா உனக்கென்ன" என்று விட்டுவிடலாமா? முடியாது. ஏன் முடியாது என்று பார்ப்போம்.

■ மலிவு எங்கிருந்து வருகிறது?

அந்த 99 ரூபாயை மேசை மேல் வையுங்கள். கடைக்காரருக்கு ஒரு பங்கு. மொத்த வியாபாரிக்கு ஒரு பங்கு. ஜிஎஸ்டி, சுங்க வரி, கப்பல் வாடகை, லாரி வாடகை எல்லாம் எடுங்கள். அப்புறம் பிளாஸ்டிக், மோட்டார், பெயின்ட், அட்டைப்பெட்டி. கடைசியில் மிச்சம் இருப்பதுதான் அதைச் செய்த தொழிலாளியின் கூலி.

பிளாஸ்டிக் விலையைத் தொழிற்சாலைக்காரரால் குறைக்க முடியாது. அது எண்ணெய் விலையோடு போகிறது. கப்பல் வாடகையைக் கப்பல் கம்பெனி தீர்மானிக்கிறது. வரியை அரசு தீர்மானிக்கிறது. வாங்குகிற பெரிய கம்பெனி "போன வருஷத்தைவிட விலையைக் குறை, சரக்கைச் சீக்கிரம் அனுப்பு" என்று நெருக்கும்போது, அவர் கை வைக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: தொழிலாளி. கூலியை இறக்கலாம். நேரத்தை நீட்டலாம். தீயணைப்புக் கருவி வாங்காமல் இருக்கலாம். விரிசல் விட்ட சுவரைப் பார்க்காத மாதிரி இருக்கலாம்.

விரிசல் என்று சும்மா சொல்லவில்லை. 2013 ஏப்ரல் 24, வங்கதேசம், டாக்கா அருகே சாவர். ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி ஊழியர்களை அனுப்பிவிட்டார்கள். மேலே இருந்த தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலையில் வேலைக்கு ஏறச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்ற பயம். ஏறினார்கள். கட்டடம் சரிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். அவர்கள் தைத்தது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மலிவு விலையில் விற்கும் சட்டைகள்.

அந்த மலிவின் மீதி விலையைக் கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

■ "அது வெளிநாடு, நம்ம ஊர்ல அப்படி இல்ல"

இல்லையா?

பஞ்சாலைகளில் நடந்த சுமங்கலித் திட்டத்தை அதற்குள் மறந்துவிட்டோமா? மூன்று வருஷம் ஆலைக்குள்ளேயே விடுதியில் தங்கி வேலை செய், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று கிராமத்துப் பெண் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். நடுவில் உடம்பு முடியாமல் வெளியே வந்த பிள்ளைகள் பலருக்கு அந்தப் பணம் கைக்கு வரவில்லை. தாலிக்குத் தங்கம் என்று பெயர் வைத்துக் கூலியைப் பிடித்து வைத்தார்கள். அந்த நூலில் நெய்த துணி கப்பலேறிப் போனது. லண்டனில் இருக்கிற ஒருவருக்கு அது "மலிவான இறக்குமதிச் சட்டை". அதாவது, நம் பிள்ளைகள்தான் அவர்களுக்குச் "சுரண்டப்படும் வெளிநாட்டுத் தொழிலாளி". இதைப் புரிந்துகொண்டால் பாதி விவாதம் முடிந்துவிடும்.

2021 டிசம்பர், ஸ்ரீபெரும்புதூர். ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போன பிறகு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அந்தப் போன் "மேட் இன் இந்தியா"தான்.

2024 செப்டம்பர், சுங்குவார்சத்திரம். சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியக் கோரிக்கை என்ன? எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பது. சங்கம் வைப்பது அரசியலமைப்பு கொடுத்த உரிமை. அதற்கே 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2023 ஏப்ரல் 21. 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. சொன்ன காரணம்: பெரிய கம்பெனிகள் வேறு நாட்டில் இருந்து இங்கே வர விரும்புகின்றன, அவர்கள் "நெகிழ்வான வேலை நேரம்" கேட்கிறார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்து எழுந்த பிறகு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது.

இதில்தான் பாடம் இருக்கிறது தோழர்களே. அங்கே தொழிலாளியை 12 மணி நேரம் வதைத்து மலிவாகச் செய்தால், அந்த விலையைக் காட்டி இங்கேயும் 12 மணி நேரம் கேட்பார்கள். டாக்காவின் கூலியைக் காட்டித் திருப்பூரை மிரட்டுவார்கள். திருப்பூரின் கூலியைக் காட்டி, கொடுங்கையூரிலும் வியாசர்பாடியிலும் வீட்டில் மிஷின் போட்டுக் காலர் வைக்கும், பட்டன் கட்டும் நம் சகோதரிகளின் பீஸ் ரேட்டை அமுக்குவார்கள். அடுத்தவர் கூலி குறைந்தால் நம்ம கூலியும் குறையும். "எவன் செஞ்சா உனக்கென்ன" என்பதற்குப் பதில் இதுதான்.

எனவே எந்த நாட்டில் செய்த பொருள் என்பது முதல் கேள்வி அல்ல. செய்த தொழிலாளிக்குச் சங்கம் வைக்க உரிமை இருந்ததா, வேலையை விட்டுப் போக உரிமை இருந்ததா, சட்டக் கூலி கிடைத்ததா என்பதே முதல் கேள்வி.

■ மறுமுனை: எங்கள் குப்பைமேடு

மலிவுப் பொருளுக்கு ஆயுசும் குறைவு. பழுது பார்க்க முடியாதபடிதான் அதைச் செய்கிறார்கள். ஸ்க்ரூ இருக்காது, பசை போட்டு ஒட்டியிருக்கும். பேட்டரி போனால் மொத்தமும் போச்சு.

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதற்குக் கணக்கு இருப்பது 22.3 சதவீதத்துக்குத்தான். மீதி? கொடுங்கையூர் மாதிரி ஊர்களைக் கேளுங்கள்.

சுமார் 340 ஏக்கர். பாதிச் சென்னையின் குப்பையைப் பல பத்தாண்டுகளாகத் தாங்கும் மேடு. கையுறை இல்லாமல், செருப்புகூடச் சரியாக இல்லாமல், அதில் பொறுக்கிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். வயரைக் கொளுத்தினால் உள்ளே இருக்கும் செம்பு கிடைக்கும். செம்பைக் கிலோ கணக்கில் போடலாம். அந்தப் புகை அவர்கள் நெஞ்சுக்குள்ளும் போகிறது, ஆர்.ஆர். நகர் வீடுகளின் ஜன்னலுக்குள்ளும் போகிறது. இதற்கு மேல் இங்கேயே ஒரு குப்பை எரிஉலையும் வேண்டுமா என்று கேட்டுத்தான் 2025இல் வடசென்னை மக்கள் வீதிக்கு வந்தார்கள்.

பொருளைச் செய்த இடத்தில் ஒரு தொழிலாளியின் உடம்பு. பொருள் செத்த இடத்தில் இன்னொரு தொழிலாளியின் உடம்பு. இந்த இரண்டுமே 99 ரூபாய் பில்லில் வராது.

■ அப்படியானால் புறக்கணிப்பா?

இங்கேதான் உணர்ச்சிவசப்படாமல் யோசிக்க வேண்டும்.

1931 செப்டம்பரில் காந்தி இங்கிலாந்தின் லங்காஷயருக்குப் போனார். அன்னியத் துணிப் புறக்கணிப்பும் உலகப் பொருளாதாரச் சரிவும் சேர்ந்து வேலை இழந்து கிடந்த ஆலைத் தொழிலாளர்களை நேரில் பார்த்தார். புறக்கணிப்பின் அடி முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் விழாது, தொழிலாளி வீட்டு அடுப்பிலும் விழும். காலனி ஆட்சியை உடைக்க அன்று வேறு வழி இல்லை. இன்றைக்கு அதே ஆயுதத்தை எடுக்கும்போது யார் மேல் விழும் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

நம் மண்ணில் இன்னொரு பாடமும் உண்டு. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சிதம்பரனார்தான் 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கும் தலைமை தாங்கினார். கூலி உயர்வு, ஓய்வு நாள் என்று கேட்டு ஜெயித்தார்கள். கப்பல் விடுவதும் சுதேசிதான், கூலிக்கு நிற்பதும் சுதேசிதான் என்று காட்டினார் அவர். இன்று சுதேசி பேசுகிறவர்கள் கப்பலைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். கோரல் மில்லைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

ராணா பிளாசாவுக்குப் பிறகு வங்கதேசத் தொழிற்சங்கங்கள் கேட்டது "எங்கள் துணியை வாங்காதீர்கள்" என்பதல்ல. "வாங்குகிற கம்பெனி கட்டடப் பாதுகாப்புக்குச் சட்டப்படி கையெழுத்துப் போடட்டும்" என்றார்கள். 2013 மே மாதத்திலேயே ஒப்பந்தம் வந்தது. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்தன.

நம்ம திண்டுக்கல்லை எடுங்கள். 2021 ஜனவரியில் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். கொன்றது அவருடைய மேற்பார்வையாளர் என்பது வழக்கு. தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தையும், வெளிநாட்டு வாங்கும் நிறுவனங்களையும் ஒப்பந்தத்தில் உட்கார வைத்தது. அதுதான் திண்டுக்கல் ஒப்பந்தம். பாலியல் தொல்லையைத் தடுக்க ஆலை தவறினால், வாங்கும் கம்பெனி வியாபார ரீதியாக நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்பது அதன் முதுகெலும்பு. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை அந்த ஆலையின் சரக்குக்குத் தடை போட்டது. ஒப்பந்தம் நடைமுறையில் இருப்பதைப் பார்த்து செப்டம்பரில் தடையை எடுத்தது. துறைமுகக் கதவையும் சங்கத்தின் கையையும் சேர்த்துப் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆகவே நம் நிலைப்பாடு இது. தொழிலாளி சங்கம் வைத்துப் போராடும் இடத்தில், அவர் என்ன கேட்கிறாரோ அதற்குத் துணை நிற்போம். அவர் வேண்டாம் என்று சொன்னால் வாங்க மாட்டோம். வாய் திறந்தால் சிறை என்ற இடத்தில், அரசே ஆட்களைப் பிடித்து வேலைக்கு அனுப்புவதாகக் குற்றச்சாட்டு இருக்கும் சின்ஜியாங் போன்ற இடத்தில், யாரிடம் போய்க் கேட்பது? அங்கே சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்துவதுதான் ஒரே வழி.

■ ஒன்றிய அரசே, உனக்கு முடியாதது இல்லை. மனசு இல்லை.

2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் கீழ் உள்ள சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கு அது தேவையான தடை. வரவேற்கிறோம்.

பொம்மைகளுக்கான சுங்க வரியை 2020இல் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆக்கினார்கள். 2023இல் 70 ஆக்கினார்கள். 2021 ஜனவரி முதல் தர முத்திரை இல்லாத பொம்மை விற்கக்கூடாது என்றார்கள்.

பார்த்தீர்களா? விலையைக் காட்டித் தடுக்க முடிகிறது. தரத்தைக் காட்டித் தடுக்க முடிகிறது. ஆனால் "இதைச் செய்தது கொத்தடிமையா, குழந்தையா?" என்ற கேள்வி மட்டும் நம் சுங்கச் சாவடியில் இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் அந்தக் கேள்வி 1930இல் இருந்து இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டம் இயற்றிவிட்டது. நம் நாட்டில் யாரைக் காப்பாற்ற இந்த மௌனம்?

இன்னும் ஒரு கூத்து கேளுங்கள். 2021 டிசம்பரில் கொடிச் சட்டத்தைத் திருத்தி, மிஷினில் செய்த பாலியஸ்டர் தேசியக் கொடிக்கும் அனுமதி கொடுத்தார்கள். கையால் நூற்று, கையால் நெய்த கதர்க் கொடியை நம்பிப் பிழைத்த தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். தேசியக் கொடியையே மலிவுச் சரக்காக்கியவர்கள், 99 ரூபாய் பொம்மை வாங்கும் தாயைத் தேசத் துரோகி என்கிறார்கள்!

■ நமது கோரிக்கைகள்

1. கட்டாய உழைப்பிலும் குழந்தை உழைப்பிலும் செய்த பொருள்களின் இறக்குமதியைத் தடை செய்யும் சட்டத்தை ஒன்றிய அரசு கொண்டுவர வேண்டும். அதே அளவுகோல் நம் ஏற்றுமதிக்கும் பொருந்த வேண்டும்.

2. பெரிய இறக்குமதியாளர்களும் ஆன்லைன் விற்பனை நிறுவனங்களும், பொருள் தயாரான தொழிற்சாலையின் பெயரை வெளியிட வேண்டும். நாட்டின் பெயர் மட்டும் போதாது.

3. தமிழ்நாடு அரசின் கொள்முதல் டெண்டர் ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சக் கூலியும் சங்க உரிமையும் நிபந்தனையாக வேண்டும். விலையில்லா வேட்டி சேலைத் திட்டம் நெசவாளர் வீட்டில் அடுப்பெரிய வைத்தது. அரசு வாங்கும் விதத்தை மாற்றினால் சந்தையே மாறும்.

4. வீட்டில் தைக்கும் பெண்கள் அனைவரையும் தையல் தொழிலாளர் நல வாரியத்தில் சேர்த்து, பீஸ் ரேட்டுக்கும் குறைந்தபட்சக் கூலியை உறுதி செய்ய வேண்டும்.

5. மின்னணுக் கழிவுக்கான செலவை அதை விற்ற கம்பெனியிடம் வசூலிக்க வேண்டும். கொடுங்கையூரில் குப்பை பிரிக்கும் தொழிலாளர்களுக்கு அடையாள அட்டை, பாதுகாப்புக் கருவி, மாதச் சம்பளம் வேண்டும்.

■ நாம் என்ன செய்வது?

அரசைக் கேட்கிறவர்கள் தாங்களும் செய்ய வேண்டும் இல்லையா?

கிளைப் பொறுப்பாளர்களுக்கு: கட்சிக் கொடி, துண்டு, டி-ஷர்ட், பேட்ஜ் எதற்கு ஆர்டர் கொடுத்தாலும், கொட்டேஷனில் குறைந்த தொகை எது என்று மட்டும் பார்க்காதீர்கள். எங்கே தைத்தது, தைத்தவருக்கு என்ன கூலி என்று கேளுங்கள். முதல் ஆர்டர் உங்கள் பகுதித் தையல்காரப் பெண்களுக்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் போகட்டும். பத்து ரூபாய் கூடும். கூடட்டும். தொழிலாளியின் வயிற்றில் அடித்துத் தைத்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு மே தினப் பேரணிக்குப் போவதைவிட, பழைய சட்டையில் போவது மேல்.

கையில் கொஞ்சம் காசு இருக்கும் தோழர்களுக்கு: வசதி கூடக் கூடப் பொறுப்பும் கூடும். எழில் நகர் அம்மாவுக்கு வேறு வழி இல்லை. வருஷத்துக்கு ஒரு போன் மாற்றும் உங்களுக்கு இருக்கிறது. பேட்டரி மாற்றுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழுது பார்க்கும் தம்பிக்கு வேலை கொடுங்கள். ஆஃபர் என்பதற்காக வாங்காதீர்கள்.

எல்லாத் தோழர்களுக்கும்: சீனத் தொழிலாளியையும் வங்கதேசத் தொழிலாளியையும் இழிவாகப் பேசும் எந்தச் செய்தியையும் பகிராதீர்கள். நம் குழுவில் வந்தால் அங்கேயே மறுத்து எழுதுங்கள். அவர்கள் நம் போட்டியாளர்கள் இல்லை. அதே கயிற்றின் இன்னொரு முனையில் கட்டப்பட்டவர்கள்.

இது ஒன்றும் நமக்குப் புதுசு இல்லை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கியவர்கள் பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள். கொடுங்கையூரில் இருந்து கூப்பிடு தூரம். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இதே சென்னைக் கடற்கரையில். உலகத் தொழிலாளிகளை நம் உறவாகப் பார்க்கச் சொல்லிக் கொடுத்த ஊர் இது. அந்த ஊர்க்காரர்கள் கேட்கிறோம்: விலைச் சீட்டில் தொழிலாளியின் உயிருக்கும் ஒரு வரி இருக்கட்டும்.

உங்கள் பகுதியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள், குப்பை பிரிப்பவர்கள், துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிகளாக இருப்பவர்கள் பற்றிக் கமென்டில் எழுதுங்கள். எதிர்க்கருத்து இருந்தாலும் எழுதுங்கள், பதில் சொல்கிறோம். பதிவைப் பகிருங்கள். முக்கியமாக, அந்த இரண்டு வாட்ஸ்அப் செய்திகளையும் உங்களுக்கு அனுப்பியவர்களுக்கு.

உழைப்போர் ஒன்றுபடுவோம்! உரிமை வெல்வோம்!

#மலிவின்_மீதி_விலை
#கொடுங்கையூர்_கேட்கிறது
#கூலிதான்_சுதேசி